காயமில்லாச் சேவை வாரம்

தொண்டு செய்யப் போகிறவன் மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று எங்கள் கொம்யூன், அதாவது புதுச்சேரிப் பக்கத்து ஊராட்சி, தீர்மானம் போட்டது 1969ஆம் வருஷம், புரட்டாசி மாதம். தீர்மானத்தை எழுதியவன் நான். அப்போது அங்கே எழுத்தராக இருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக வரும் என்பதற்காகக் கொடுத்த வேலை அது. வேறு தகுதி எனக்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை.

ஊரின் பெயர் மேட்டுச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் விளக்கம் கேட்டுக் கடிதம் போடுவார்கள். அந்தக் கடிதங்களின் நடை எனக்குத் தெரியும், பாதி என்னிடம் கற்றுக்கொண்டதுதான். பாகூர்ச் சந்தையிலிருந்து தெற்கே அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் புதுச்சேரி முடிந்து தென்னாற்காடு ஜில்லா ஆரம்பிக்கும். முடிகிற இடத்தில் ஒரு எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் சாராயக்கடை, அந்தப் பக்கம் மதுவிலக்கு.

அந்தப் பக்கத்து ஆட்கள் சாயங்காலமானால் வந்து குடிப்பார்கள். போகும்போது ஒரு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு கல் வரைக்கும் குடித்துக்கொண்டே நடப்பார்கள். கல்லைத் தாண்டிவிட்டால் கையில் காலிப் பாட்டில் இருந்தாலும் போலீஸ்காரன் கேஸ் எழுதுவான். அப்படியே போட்டுவிட்டுப் போனாலும் எடுத்து வந்து முகர்ந்து பார்த்து, இது உன்னுடையதுதானே என்பான். உடைந்த பாட்டிலுக்கு மட்டும்தான் சொந்தக்காரன் கிடையாது. அதனால் கடைசிச் சொட்டை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, பாட்டிலை எல்லைக்கல்லில் ஓங்கி அடித்து உடைத்துவிட்டுத்தான் எல்லை தாண்டுவார்கள். கோயில் வாசலில் சிதறுதேங்காய் உடைப்பது மாதிரி அது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அப்பன் உடைத்த கல்லில் மகனும் உடைத்தான்.

கல்லை ஒட்டி ஏரி வாய்க்கால் போகிறது. உடைந்ததெல்லாம் அதற்குள் விழும். கோடையெல்லாம் காய்ந்து கிடக்கும் வாய்க்கால், ஐப்பசியில் மதகு திறந்ததும் தண்ணீரோடு கண்ணாடியையும் உருட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்துவிடும். வயலில் இறங்குகிறவர்கள் பெண்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்க முடியாது, விரலை விடாமல் நாற்று ஊன்ற முடியாது. முந்தின வருஷ நடவில் ஏழு பேருக்கு வெட்டு. அமுதம் என்பவளுக்குக் கால் சீழ் வைத்து, தை பிறக்கும் வரை அவள் தரையில் கால் ஊன்றவில்லை.

நடவுப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள் கலியம்மாள். அவள் ஒருநாள் ஷரீப்பின் சைக்கிள் கடைக்கு வந்தாள். ஷரீப் எல்லைக்கல்லுக்கு நூறு அடி இப்பால் பஞ்சர் ஒட்டுகிறவன். பழைய டியூப் இருந்தால் கொடு, காலில் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். ரப்பர் டியூபைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினால் இரண்டாம் அடியில் உருவிக்கொண்டு போய்விடும் என்று அவன் சொன்னான். அது அவளுக்கும் தெரியும்.

"நட்டுக்கினு இருக்கச்சொல்ல கண்ணாடி எங்க கெடக்குதுன்னு எவளுக்குத் தெரியும் பாய்? காலு போனா நொண்டிக்கினாவது நடலாம். கை போச்சின்னா எங்களக் கூப்புட ஆளு ஏது?" என்றாள்.

ஷரீப் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. மதகு திறக்க ஒரு மாதம் இருந்தது. கண்ணாடி விழுந்து கிடந்தது கல்லிலிருந்து முதல் மடை வரைக்கும் இருநூறு அடி. மறுநாள் காலையில் டயரை அறுத்துத் தைத்த செருப்பு, உள்ளங்கையில் ஒட்டிய டியூப் துண்டு, கடையில் இருந்த நீள இடுக்கி, ஒரு பழைய தகரக் கூடை, இவற்றோடு வாய்க்காலில் இறங்கினான். கலியம்மாளும் நாலு பெண்களும் அவன் காட்டியபடி மேல்மண்ணைச் சல்லடையில் சலித்தார்கள். தினம் ஒரு மணி நேரம். எட்டு நாளில் பாதி வாய்க்கால் சுத்தமாகிவிட்டது. குடிக்காதவன் குடித்தவன் உடைத்ததைப் பொறுக்குகிறானே என்று சாராயக்கடையில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே புதிதாக உடைத்தார்கள். அதையும் சேர்த்துத்தான் அவன் பொறுக்கினான். இன்னும் எட்டு நாள் விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும், எனக்கும் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

ஒன்பதாம் நாள் ஷரீப்புக்குக் கட்டைவிரலில் நெல்லளவு ஒரு கீறல் விழுந்தது. அவன் செய்த தவறு, கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு சும்மா இருக்காமல் அயோடின் போட்டுக்கொள்ளத் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனது. அதைவிடப் பெரிய தவறு, எப்படிப் பட்டது என்று கம்பவுண்டர் முத்துசாமி கேட்டபோது உண்மையைச் சொன்னது. கம்பவுண்டர் பதிவேட்டில் எழுதினார்: "பொது இடத்தில் குப்பை அகற்றும் தொண்டின்போது ஏற்பட்ட காயம்."

அந்த வாரம்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. காந்தி நூற்றாண்டை ஒட்டி ஒவ்வொரு கொம்யூனும் ஒரு சேவை வாரம் நடத்தலாம் என்றிருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: தொண்டர்களின் பாதுகாப்பு உறுதி செய்யப்பட வேண்டும். சுற்றறிக்கையில் மற்றதெல்லாம் செய்தால் நல்லது என்கிற தோரணையில் இருந்தது. இந்த வரி மட்டும் 'வேண்டும்' என்று முடிந்திருந்தது. எங்கள் செக்ரட்டரி செல்லப்பன் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். கம்பவுண்டரின் பதிவும் அன்றே மேசைக்கு வந்தது. சேவை வாரம் தொடங்குவதற்கு முன்பே ஒரு காயம். செல்லப்பனுக்கு வியர்த்துவிட்டது. மேர் அரங்கநாதனிடம் ஓடினார். அந்தக் காலத்தில் கொம்யூனுக்குத் தலைவர் மேர்தான். பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்தப் பெயரும் நாற்காலியும் போகவில்லை. மேரின் நிலம் கல்லுக்கு மேற்கே, தண்ணீர் முதலில் வந்து சேருகிற இடத்தில் இருந்தது. அங்கே கண்ணாடி கிடையாது.

ஷரீப்பைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"ஷரீப்பு, நீ பஞ்சர் ஒட்டறவன். ரோட்டுல கண்ணாடி கெடந்தாதான் உனக்குப் பொழப்பு. அத நீயே போயிப் பொறுக்கறன்னா, உள்ள இன்னா வெச்சிருக்க?" என்றார் மேர்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. நடவுப் பொம்பளைங்க காலு கையி கிழியுது. காலைல எனக்கு ஒரு மணி நேரம் சும்மாதான் கெடக்குது."

நான் படிவத்தில் எழுதினேன்: நோக்கம், தெளிவாகக் கூறவில்லை.

அந்தப் படிவத்தில் பதினாறு கேள்விகள். நீச்சல் தெரியுமா என்பது ஏழாவது. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறதே என்று ஷரீப் கேட்டான். வாய்க்கால் என்றால் நீர்நிலை, நீர்நிலை என்றால் நீச்சல் என்று செல்லப்பன் விளக்கினார். தெரியாது என்றான் ஷரீப். அப்படியானால் நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் நிற்கும்போதுதான் நீ உள்ளே இறங்கலாம் என்று குறிப்பு எழுதினோம். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன்.

கலியம்மாளும் பின்னாலேயே வந்திருந்தாள். அவளையும் தொண்டர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஷரீப் கேட்டான். செல்லப்பன் விதியைப் புரட்டினார். அவள் அதே வயலில் கூலி வேலை செய்கிறவள். கண்ணாடி அவளுடைய காலில்தான் குத்தும். ஆகவே அவள் அதை எடுப்பது சொந்த லாபத்துக்காக. காலில் குத்துகிறவள் எடுத்தால் சுயநலம், குத்தாதவன் எடுத்தால்தான் தொண்டு. இதை அவர் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.

பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிகிற வரைக்கும் எந்தத் தொண்டரும் வாய்க்காலில் இறங்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. மதகு திறக்க மூன்று வாரம் இருந்தது.

முதல் வாரம் பயிற்சியில் போயிற்று. ஷரீப்பைத் தவிர இருபது தொண்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். செருப்பு வைத்திருப்பவர்களாகப் பார்த்து எடுத்ததால் பெரும்பாலும் கொம்யூன் ஊழியர்களின் மச்சான்களும் மாமன்களும் வந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் சொல்தா உலகநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் இந்தோசீனாவில் கண்ணிவெடிகளைப் பார்த்தவர். பாட்டில் துண்டையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார். தொண்டர்கள் ஆறடி இடைவெளியில் வரிசையாக நடக்க வேண்டும். ஒருவன் கண்ணாடியைக் கண்டால் 'ஆல்ட்', அதாவது பிரெஞ்சில் 'நில்', என்று கத்திவிட்டு வலது கையை உயர்த்த வேண்டும். மற்றவர்கள் மூன்று அடி பின்வாங்கி நிற்க வேண்டும். சொல்தா வந்து, குனிந்து, எந்த நிறம், எத்தனை முனை என்று பார்த்துச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பிறகு எடுக்கலாமா என்று தீர்மானிப்பார்.

பயிற்சி நடந்தது பள்ளிக்கூட மைதானத்தில். அங்கே கண்ணாடி இல்லை. வாய்க்காலிலிருந்து கொண்டு வரலாம் என்றால் தொண்டர்கள் இறங்கத் தடை. அதனால் கலியம்மாளை அனுப்பினார்கள். அவள் தொண்டரில்லை, தடை அவளுக்குப் பொருந்தாது. அவள் வெறும் கையால் பத்துத் துண்டு பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து மைதானத்தில் பரப்பினாள். தொண்டர்கள் 'ஆல்ட்' என்று கத்திப் பழகினார்கள். முடிந்ததும் அவளே பொறுக்கிக்கொண்டு போனாள். எங்கே போடுவது என்று கேட்டாள். எடுத்த இடத்திலேயே போடு, நாளைக்கும் வேண்டும் என்றார் சொல்தா.

இரண்டாம் வாரம் சாமான்கள் வந்தன. சிவப்பு ரப்பர் கையுறை இருபது ஜோடி, கணுக்காலுக்கு மேல் வருகிற பூட்ஸ் இருபது ஜோடி. கூடவே ஒரு சின்னப் பெட்டியில் இழுப்பு வராமல் தடுக்கிற ஊசி மருந்து பன்னிரண்டு. துருவோ கண்ணாடியோ கிழித்தால் தாடை இறுகிப் போகிறதே, அதற்கு. பெட்டி மேல் 'தொண்டர் உபயோகத்திற்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒட்டியதும் நான்தான்.

ஷரீப் ஓடி வந்தான். இப்போதாவது இறங்கலாமா என்றான். செல்லப்பன் ஒரு கையுறையை எடுத்து அவன் கண் முன்னால் இழுத்துக் காட்டினார். இது நல்ல ரப்பர், ஆனால் கண்ணாடி பட்டால் கிழிந்துவிடும், விழாவன்று பெரிய அதிகாரி வந்து பார்க்கும்போது இருபது ஜோடியும் முழுசாக இருக்க வேண்டும் என்றார். கையுறைகளை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பூட்ஸும் அங்கேயே போயிற்று.

வாய்க்காலிலேயே இன்னொரு சிக்கலைச் சொல்தா கண்டுபிடித்தார். வாய்க்காலின் வடகரை நம்முடையது, தென்கரை தென்னாற்காடு. தொண்டன் தவறிப்போய் அந்தக் கரைப் பக்கம் கால் வைத்து, அந்தக் காலில் காயம் பட்டால் அது எந்த அரசாங்கத்துக் காயம்? அந்த ஜில்லாவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். இன்றைய தேதி வரை பதில் வரவில்லை. சொல்தா தாமே சுண்ணாம்பை எடுத்து வாய்க்காலின் நடுவே இருநூறு அடிக்குக் கோடு போட்டார். கோட்டுக்கு அப்பால் கிடக்கிற கண்ணாடியைத் தொண்டர்கள் பார்க்கவும் கூடாது.

"தண்ணி வந்தா கோடு பாத்தாங்க ஐயா போவும்?" என்று ஷரீப் கேட்டான்.

"தண்ணி தொண்டர் இல்ல" என்றார் சொல்தா.

எச்சரிக்கைப் பலகை ஒன்றும் நட்டார்கள். 'அபாயம், கண்ணாடி, தொண்டர்கள் அணுகக் கூடாது' என்று எழுதி, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் கனமான இரும்புத் தூணில் மாட்டினார்கள். கல் இடுப்பளவு உயரம், குனிய வேண்டும். தூண் தோளளவுக்கு மேல். குடித்தவனுக்குக் குனிவதைவிட நின்றபடியே வீசுவது சுலபம். அந்த வாரம் எல்லோரும் பாட்டிலைத் தூணில் உடைக்க ஆரம்பித்தார்கள். துண்டுகள் இன்னும் தூரத்துக்குச் சிதறின. ஷரீப் சுத்தம் செய்து வைத்திருந்த பாதியும் போயிற்று.

மதகு திறக்க மூன்று நாள் இருக்கும்போது ஷரீப் பொறுக்க மாட்டாமல் விடியற்காலையில் இறங்கிவிட்டான். கலியம்மாளும் அமுதமும் சல்லடையோடு கூட இறங்கினார்கள். ஒரு கூடை நிறைவதற்குள் சொல்தாவின் விசில் கேட்டது. இடுக்கியைப் பறிமுதல் செய்தார். பெண்களைக் கரைக்கு விரட்டினார், அவர்கள் பக்கத்தில் நின்று தொண்டனை அபாயத்துக்குத் தூண்டுகிறார்களாம். அன்று பத்து மணிக்கு நான் எழுதிய அறிவிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம்: "தொண்டர் ஷரீப்பின் உடலுக்கு ஊறு விளைவிக்க முயன்ற குற்றத்துக்காகத் தொண்டர் ஷரீப் சேவை வாரத்திலிருந்து நீக்கப்படுகிறார். தொண்டர் ஷரீப்பின் பாதுகாப்புக் கருதி இந்நடவடிக்கை மேற்கொள்ளப்படுகிறது."

அவன் அதை இரண்டு முறை படித்தான். "இதுல ரெண்டு ஷரீப்பு இருக்கானே சார், நான் எந்த ஷரீப்பு?" என்று என்னைக் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். நான் அறிவிப்பின் அடுத்த நகலை எழுத ஆரம்பித்தேன்.

விழா வந்தது. வாய்க்கால் அபாயகரமானது என்று எங்கள் பலகையே சொல்லுகிறபடியால், சேவையைக் கொம்யூன் அலுவலகத்துக்கு முன்னால் உள்ள ரோட்டில் வைத்துக்கொண்டோம். அந்த ரோடு தினம் பெருக்குகிற ரோடு, குப்பை கிடையாது. முந்தின நாளே பூவரச இலையும் பழைய காகிதமும் வரவழைத்து, முள்ளிருக்கிறதா, குண்டூசி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேறியதை மட்டும் பரப்பினோம். புதுச்சேரியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார். இருபது தொண்டர்களும் சிவப்புக் கையுறையும் பூட்ஸுமாக ஆறடி இடைவெளியில் நடந்து இலைகளைப் பொறுக்கினார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒன்பதே காலுக்கு முடிந்தது. ஒருவன் குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சொல்தா அவனை உடனே வரிசையிலிருந்து அப்புறப்படுத்தினார், அதனால் அது காயக் கணக்கில் வரவில்லை.

மேர் பேசினார். அவர் மேடையில் எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்.

"குப்பை என்பது இன்று இருக்கும், நாளையும் இருக்கும், அது எங்கும் ஓடிவிடாது. ஆனால் ஒரு தொண்டன் போனால் வருவானா? என் தொண்டனுக்கு ஒரு காயம் பட்டால் நாளைக் காலையில் யார் பதில் சொல்வது? நான் சொல்ல வேண்டும். ஆகவே எனக்குக் காயம் படாமல் காத்த இந்த இருபது பேருக்கும் நன்றி. எடுத்த குப்பையை எண்ணாதீர்கள், எடுக்காமல் விட்ட ஆபத்தை எண்ணுங்கள்."

நீண்ட கைதட்டல். பெரிய அதிகாரி எழுந்து, பல கொம்யூன்களில் சேவை நடந்திருக்கிறது, ஆனால் பாதுகாப்பு முழுசாகக் கிடைத்தது இங்கேதான், காரணம் இங்கே சேவை பாதுகாப்புக்குக் குறுக்கே வரவில்லை என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது, பெரிய அதிகாரி கையால் மதகு திறத்தல். கூட்டம் ஏரிக்கரைக்கு நகர்ந்தபோது ஷரீப் வழியில் நின்று மேரைக் கும்பிட்டான். வாய்க்காலில் கண்ணாடி அப்படியே இருக்கிறது, இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள், நானே எடுத்துவிடுகிறேன் என்றான். மேர் நிற்கவில்லை. செல்லப்பன் நின்று பொறுமையாகச் சொன்னார், குப்பை தரையில் கிடக்கிற வரைக்கும்தான் கொம்யூன், தண்ணீருக்குள் போய்விட்டால் அது பாசன இலாகா. இன்னும் கால் மணி நேரத்தில் அது நம் தலைவலி இல்லை.

மதகைத் திறந்தார்கள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. கல்லருகே சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்துக்கொண்டு, கலகலவென்று சத்தத்தோடு போயிற்று. ஷரீப் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய அதிகாரி அந்தச் சத்தத்தைக் கேட்டு, தண்ணீர் சிரிக்கிறது என்றார்.

நான்காம் நாள் நடவு. பகல் பதினோரு மணி இருக்கும், ஷரீப் சைக்கிள் பின்னால் கலியம்மாளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். அவள் வலது உள்ளங்கையைத் துணியால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். சேலை சேறும் ரத்தமுமாக இருந்தது. நாற்று ஊன்ற விரலை விட்ட இடத்தில் பாட்டிலின் அடிப்பாகம் நிமிர்ந்து கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டிவிட்டார்கள். ஊசி போடும் சமயத்தில் கம்பவுண்டர் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு, இவள் தொண்டர் என்று கொம்யூன் முத்திரையோடு ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வா, அடுத்த நிமிஷம் போடுகிறேன் என்றாராம்.

மேர் தோட்டத்துக்குப் போயிருந்தார். செல்லப்பன் புதுச்சேரிக்குப் போயிருந்தார், சேவை வாரத்தில் யாருக்கும் காயமில்லை என்று மறுஆய்வுக் கூட்டத்தில் சொல்வதற்கு. அலுவலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். முத்திரை என் மேசை மேல் இருந்தது.

"ரெண்டு வரி எழுதிக் குடு சார். எங்க எல்லாரவிட அதிகமாப் பொறுக்குனது அவதான்" என்றான் ஷரீப்.

அவள் பட்டியலில் இல்லை என்று நான் சொன்னேன். செக்ரட்டரி வரட்டும், நாளைக்கு வாருங்கள் என்றேன். கலியம்மாள் ஷரீப்பைப் பார்த்து, "ஒரு நாளைக்குள்ள இன்னா ஆயிடப் போவுது, உடு பாய், வயலுக்குப் போலாம். ஒரு கையால நாத்து முடியாவது பிரிச்சிப் போடறன்" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

செல்லப்பன் மூன்றாம் நாள் வந்தார். விஷயத்தைக் கேட்டதும், அவளைத் தொண்டர் என்று எழுதினால் காயம் ஒன்று என்று ஆகிவிடும், கூட்டத்தில் இல்லை என்று சொல்லியாயிற்றே என்றார். பன்னிரண்டு ஊசி மருந்தும் சீட்டுப் பிரியாமல் புதுச்சேரிக்குத் திரும்பிப் போயின. ஒன்றுகூடச் செலவாகவில்லை என்பதற்குத் தனியாக ஒரு பாராட்டு வந்தது.

வெட்டுப் பட்ட ஒன்பதாம் நாள் கலியம்மாளால் வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சி ஊற்றினால் பல்லிடுக்கிலேயே நின்றது. உடம்பு வில்லாக வளைந்து வளைந்து இழுத்தது. மாட்டு வண்டியில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அமுதம் மடியில் தலை இருந்தது. ஷரீப் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போயிருந்தான், அப்படியே திரும்பியும் நடந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷரீப் அலுவலகத்துக்கு வந்தான். சண்டை போடவில்லை. செத்தவள் பெயரைத் தொண்டர் பட்டியலில் இருபத்தொன்றாவதாக எழுதச் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று செல்லப்பனிடம் கேட்டான். செல்லப்பன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வருத்தம் உண்மையானதுதான், அவர் கெட்டவர் இல்லை. எங்களில் யாருமே கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். எழுதினால் சேவை வாரம் முழுவதும் பாழாகிவிடும் தம்பி, அந்த அம்மாள் ஆத்மாகூட அதை விரும்பாது என்றார். ஷரீப் என் பக்கம் திரும்பினான். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் இறுதி அறிக்கையை நல்ல காகிதத்தில் எழுதி முடித்தேன். பங்கேற்ற தொண்டர்கள் இருபது. அகற்றிய குப்பை திருப்திகரம். காயமடைந்தோர் இல்லை. அந்த வருஷத்துப் பாதுகாப்புக் கேடயம் எங்களுக்கே கிடைத்தது, எனக்கும் ஒரு சம்பள உயர்வு வந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த அலுவலகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். போக வர எல்லைக்கல் ரோடுதான் வழி, ஷரீப் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ரோட்டில் கண்ணாடிக்குக் குறைவில்லை, வாரத்துக்கு ஒருமுறையாவது டயர் பஞ்சராகும். அவன் கடையில் ஒருநாளும் விட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மூன்று மைல் நடந்து அடுத்த ஊரில் ஒட்டிக்கொண்டு வருவேன். தாண்டும்போது அவன் என்னை நிமிர்ந்து பார்ப்பான். கூப்பிட்டதில்லை.